ராணுவத்தில் 15 வருடம், தபாலில் 25 வருடம்: அப்பாவுக்குப் பிறகு அம்மாவின் இரண்டு பென்ஷன்கள்

அப்பா 2024 பிப்ரவரியில் இறந்தார். அவருடைய தபால் துறை பென்ஷன் ஏப்ரலிலேயே அம்மா பெயருக்கு மாறிவிட்டது. ராணுவ பென்ஷன் மாற அக்டோபர் ஆனது. இடைப்பட்ட மாதங்களில் நான் அலைந்ததையும் அழுததையும் எங்கள் வீட்டில்கூட யாருக்கும் முழுசாகச் சொல்லவில்லை. அண்ணன் துபாயில் இருக்கிறார், அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். எல்லாவற்றையும் நான்தான் பார்க்க வேண்டியிருந்தது. பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து மத்திய அரசு வேலையில் சேர்ந்தவர்கள் எங்கள் வேலூர்ப் பக்கத்தில் ஏராளம். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்கள் இருக்கும் மாவட்டம் இது. அந்த வீடுகளில் இருக்கும் மகன்களும் மகள்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் அப்பாவைப் பற்றி. 1968ல் பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர்ந்தார். லாரி ஓட்டும் வேலை. 1971 போரின்போது பஞ்சாப் எல்லையில் இரவெல்லாம் விளக்கைப் போடாமல் வண்டி ஓட்டியதைத்தான் அதிகம் சொல்வார். சுட்டது, குண்டு விழுந்தது எல்லாம் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். மேற்குப் போர்முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பஷ்சிமி ஸ்டார் பதக்கம் அவரிடம் இருந்தது. ஆனால் அதை மாட்டிக்கொண்டு நின்று நான் பார்த்தது சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டபோது மட்டும்தான். 1983ல் பென்ஷனோடு வெளியே வந்தார். 1985ல் முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் தபால்காரர் வேலை கிடைத்தது. 2010ல் அறுபது வயது முடியும்வரை அதே பகுதியில்தான், பெரும்பாலும் சைக்கிளில்தான்.

காலையில் அவர் தபால் பிரிப்பதை நான் சின்ன வயதில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மேசைமேல் கொட்டிய கடிதங்களைத் தெருவாரியாக அடுக்கி, பிறகு அந்தந்தத் தெருவுக்குள் வீட்டு வரிசைப்படி அடுக்குவார். பீட், அதாவது தபால் கொடுக்கும் சுற்று போகும்போது கட்டிலிருந்து மேலே இருப்பதை எடுத்துக் கொடுத்துக்கொண்டே போகலாம், தேட வேண்டியதில்லை. மணியார்டர் பணத்தைத் தனியாகச் சட்டையின் உள்பையில் வைத்துக்கொள்வார். முதியோர் பென்ஷன் மணியார்டர் வரும் நாட்களில் மை டப்பாவும் கூடவே போகும். கட்டைவிரலை அவரே பிடித்து உருட்டி ரேகை வைத்து, பணத்தை இரண்டு முறை எண்ணிக் காட்டிவிட்டுத்தான் நகர்வார். 1999ல் கார்கில் சண்டை நடந்தபோது அவருடைய பீட்டில் பையன்களை ராணுவத்துக்கு அனுப்பியிருந்த வீடுகள் பல இருந்தன. அந்த மாதங்களில் 56 ஏ.பி.ஓ என்ற ராணுவத் தபால் நிலைய முத்திரை உள்ள கடிதம் வந்தால் தெரு வரிசையெல்லாம் பார்க்க மாட்டார். அதைத்தான் முதலில் கொண்டுபோய்க் கொடுப்பார். பட்டாளத்தில் இருந்தபோது கடிதத்துக்குக் காத்திருந்தவர், காத்திருக்கிறவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைச் செய்தார். அந்த வேலையை அவர் எவ்வளவு மதித்தார் என்பது அவர் போனபிறகு வீட்டுக்கு வந்தவர்கள் பேசியதைக் கேட்டபோதுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பிப்ரவரியில் ஒருநாள் விடியற்காலை அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி காரில் ஏற்றி, மிக அருகில் இருந்த தனியார் மருத்துவமனையில் சேர்த்துவிட்டான். அந்த நேரத்தில் எவராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள், அதில் தவறே இல்லை. நான் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தபோது ராத்திரி. அப்பாவிடம் இ.சி.ஹெச்.எஸ் அட்டை இருந்தது. முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களைச் சார்ந்தவர்களுக்குமான மருத்துவத் திட்டம் அது. வேலூரிலேயே அதன் பாலிகிளினிக் இருக்கிறது. ஆனால் அப்பாவைச் சேர்த்த மருத்துவமனை அந்தத் திட்டத்தின் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத இடத்தில் அவசரமாகச் சேர்த்தாலும் செலவைத் திரும்பக் கேட்க வழி உண்டு. அதற்கு 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் கொடுத்திருக்க வேண்டும். இதை மருத்துவமனையில் யாரும் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரிந்திருக்கவும் நியாயம் இல்லை. ஐ.சி.யு வாசலில் நிற்கிறவர்களுக்கு அட்டையின் விதிகள் எங்கே ஞாபகம் வரும்? எங்களுக்குத் தெரியவந்தபோது அந்தக் கெடு தாண்டியிருந்தது. பில் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. தாமதத்துக்கான காரணத்தை எழுதி, ஒவ்வொரு ரசீதையும் ஒட்டி, மாதக்கணக்கில் காத்திருந்தபின் பாதிக்கும் குறைவாகத்தான் வந்தது. திட்டத்தின் கட்டண அட்டவணைப்படிதான் கணக்குப் போடுவார்கள், நாம் கட்டிய தொகை முழுவதும் எப்படியும் வராது. உங்கள் வீட்டில் அந்த அட்டை இருந்தால் இன்றைக்கே இரண்டு காரியம் செய்யுங்கள். பாலிகிளினிக்கின் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி அட்டையோடு ஒட்டி வையுங்கள். உங்கள் பகுதியில் பட்டியலில் உள்ள மருத்துவமனை எது என்று கேட்டு அதையும் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லி வையுங்கள். நெருக்கடியில் வண்டி ஓட்டப் போவது அவர்தான்.

அப்பா அதிக நாள் இருக்கவில்லை. வலது கையை அசைக்க முடியவில்லை, பேச்சும் வரவில்லை. ஆனால் நான் வந்தது தெரிந்தது. அதற்குமேல் இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

இறப்புச் சான்றிதழ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் இறந்தால் அவர்களே பதிவுக்குத் தகவல் அனுப்பிவிடுவார்கள். கிராமத்தில் வீட்டில் இறந்தால் 21 நாட்களுக்குள் நாம் வி.ஏ.ஓ-விடம் சொல்லிப் பதிய வேண்டும். எப்படியானாலும், பதிவதற்கு முன்பு பெயரைப் பாருங்கள். மருத்துவமனையில் அட்மிஷன் சீட்டில் அவசரத்தில் எழுதிய பெயர்தான் அப்படியே சான்றிதழுக்குப் போகும். இனிஷியல் முன்னாலா பின்னாலா, தந்தை பெயர் என்ன, மனைவி பெயர் என்ன என்று பி.பி.ஓ-வையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதிக் கொடுங்கள். பி.பி.ஓ என்பது பென்ஷன் வழங்கும் ஆணை. வீட்டில் இருக்கும் காகிதங்களிலேயே அதுதான் தலையானது. எங்கள் நல்ல நேரம், மருத்துவமனை பில்லிங் பகுதியில் இருந்த ஒரு பெண், "அக்கா, பேர் எப்படி இருக்கணும்னு பென்ஷன் புக்கைப் பார்த்துச் சொல்லுங்க, அப்புறம் மாத்தறது கஷ்டம்" என்று நிறுத்திக் கேட்டாள். அவளுடைய அப்பாவும் பட்டாளத்துக்காரராம்.

தபால் துறைப் பக்கம் வேலை சுலபமாக முடிந்தது. தலைமை அஞ்சலகத்தில் இறப்புச் சான்றிதழ், அப்பாவிடம் இருந்த பி.பி.ஓ பிரதி, பாஸ்புக், அம்மாவின் ஆதார், பான், புகைப்படம் கொடுத்தோம். ஓய்வு பெறும்போதே அப்பா தன் கையால் அம்மாவின் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதி, இருவரும் சேர்ந்து எடுத்த படத்தை ஒட்டிக் கொடுத்திருந்தார். கணக்கும் இருவர் பெயரில் இருந்தது. அதனால் கேள்வியே வரவில்லை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஓய்வூதியம் என்பது கடைசிச் சம்பளத்தில் பாதி. குடும்ப ஓய்வூதியம் அதே சம்பளத்தில் 30 சதவீதம். பணியாளர் 67 வயதுக்குள் இறந்தால் மட்டும் சில காலம் கூடுதல் விகிதத்தில் வரும். அப்பாவுக்கு 74. அதனால் முதல் மாதத்திலிருந்தே 30 சதவீதம்தான். தொகையைப் பார்த்ததும் அம்மா, "ஏதோ பிடிச்சுட்டாங்களோ?" என்று பயந்துவிட்டார். பிடிக்கவில்லை, விதியே அப்படித்தான். வீட்டுச் செலவை அதற்கேற்பத் திட்டமிட வேண்டும்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்திலும் அப்பா பணம் போட்டிருந்தார். அதில் அம்மா நாமினி. அந்தக் கணக்கில் இருந்தவர் இறந்த நாளிலிருந்து திட்டத்தின் வட்டி நின்று, சாதாரண சேமிப்புக் கணக்கின் வட்டிதான் ஓடும். கணவனோ மனைவியோ மட்டுமே நாமினியாக இருந்து, அவருக்குத் தகுதியும் இருந்தால், முதிர்வு வரை அதே கணக்கைத் தொடரலாம். கவுண்டரில் இதைக் கேட்டால்தான் சொல்வார்கள். நாமினி போடாத அஞ்சலகக் கணக்காக இருந்தால் 5 லட்சம் ரூபாய் வரை கோர்ட்டுக்குப் போகாமல் வாங்க வழி இருக்கிறது, ஆனால் இறந்து ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். தபால்காரர் வீட்டில் நாமினி போடாமல் இருப்பார்களா என்று நினைக்கலாம். அப்பா எல்லாக் கணக்கிலும் போட்டிருந்தார், ஒன்றைத் தவிர.

அந்த ஒன்றுதான் வங்கிக் கணக்கு. 1983ல் ராணுவத்திலிருந்து வந்ததும் அந்தப் பென்ஷனுக்காகத் தொடங்கியது. அவர் பெயரில் மட்டும் இருந்தது, நாமினி இல்லை. நாற்பது வருடம் யாரும் அதைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை. வங்கியில் இறப்புச் சான்றிதழைக் கொடுத்ததும் கணக்கை முடக்கினார்கள். பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதத்துக்கும் ராணுவ பென்ஷன் அந்தக் கணக்கில் வந்து விழுந்திருந்தது. இறந்த நாள் வரைக்குமான பென்ஷன்தான் குடும்பத்துக்குச் சேர வேண்டியது, அதற்கு மேல் வந்ததை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும். ஏ.டி.எம் கார்டு நம் கையில் இருக்கிறது, ரகசிய எண்ணும் தெரியும், ஈமச் செலவுக்குப் பணம் வேண்டும். அந்தச் சமயத்தில் எடுக்கத்தான் தோன்றும். எடுக்காதீர்கள். பின்னால் வட்டியோடு பேச்சு வரும், அதைவிட மோசமாகக் குடும்ப ஓய்வூதியக் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

நாமினி இல்லாததால் வாரிசு சான்றிதழ் கேட்டார்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ, வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாருக்குப் போகும். விண்ணப்பிக்கும்போதே எல்லா வாரிசுகளின் ஆதாரும் வேண்டும். அண்ணனுடைய ஆதாரில் பழைய முகவரி இருந்தது. அதைத் தெளிவாக்கவே நாட்கள் ஓடின. சான்றிதழ் வந்தபின் வங்கி மறுபடி ஒரு காகிதம், மறுபடி ஒரு கையெழுத்து என்று இழுத்தது. தேவையான ஆவணங்கள் எல்லாம் கைக்கு வந்த 15 நாட்களுக்குள் இறந்தவர் கணக்கைத் தீர்க்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நான் இதை எழுத்தில் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டேன். அதன்பிறகுதான் வேகம் வந்தது. எந்த அலுவலகத்துக்கும் கையில் நகல் இல்லாமல் போகாதீர்கள். வாய்ப்பேச்சில் சொன்னதை அடுத்த வாரம் அங்கே இருப்பவர் தெரியாது என்பார்.

என்னை அதிகமாகக் காயப்படுத்தியது அந்த வங்கியில் கேட்ட இன்னொரு வார்த்தை. "ஏம்மா, உங்கம்மாவுக்குத்தான் போஸ்ட் ஆபீஸ்ல ஃபேமிலி பென்ஷன் வந்துடுச்சே. ஒருத்தருக்கு ஒண்ணுதான். ஆம்பளைங்க யாரும் வரலையா, அவங்ககிட்ட சொல்லி அனுப்பறேன்." இதைச் சொன்னவர் கெட்டவர் இல்லை, நிச்சயமாகச் சொல்கிறோம் என்று நம்பித்தான் சொன்னார். ஒரு காலத்தில் அதுதான் விதியாகவும் இருந்தது. ராணுவத்திலிருந்து ஒன்று, பிறகு பார்த்த அரசு வேலையிலிருந்து ஒன்று என இரண்டு குடும்ப ஓய்வூதியம் அப்போது கிடையாது, எது அதிகமோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது மாறிவிட்டது. 2012 செப்டம்பர் 24 முதல் இரண்டையும் வாங்கலாம். அதற்கு முன்பே கணவரை இழந்தவர்களுக்கும் அந்தத் தேதியிலிருந்து பலன் உண்டு. இதை எனக்குச் சொன்னது அப்பா வேலை பார்த்த அலுவலகத்தில் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அழுதுகொண்டே போன் செய்தபோது, "பாப்பா, யார் சொன்னா ஒண்ணுதான்னு? ஆர்டர் வந்து பன்னிரண்டு வருஷம் ஆவுது. உங்கப்பாவே எத்தனை பேருக்குச் சொல்லி வாங்கிக் குடுத்திருக்காரு தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. அப்பா சொன்னதும் இல்லை. எங்கள் மாவட்டத்தில் இன்னும் ஒரே பென்ஷனோடு நின்றுவிட்ட வயதான அம்மாக்கள் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் தயவுசெய்து போய்க் கேளுங்கள். குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியமே 9,000 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படி. வயதான காலத்தில் மாத்திரைக்கும் பாலுக்கும் மகனிடம் கை நீட்டாமல் இருக்க அது போதும்.

உரிமை உண்டு என்று தெரிந்தபின்தான் உண்மையான முட்டுக்கட்டை வந்தது. ராணுவ பென்ஷன் இப்போது ஸ்பர்ஷ் என்ற இணையதளம் வழியாகத்தான் நடக்கிறது. பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் பென்ஷன் அலுவலகம் நேரடியாக வழங்குகிறது. முன்பு வங்கிகளிடம் இருந்த பழைய பென்ஷனர்களின் விவரங்களை எல்லாம் அதற்கு மாற்றினார்கள். அப்பாவின் பக்கத்தில் அம்மாவின் பெயர் பாதிதான் இருந்தது. அம்மா பெயர் இரண்டு சொல் சேர்ந்தது. கல்யாணம் ஆன புதிதில் யூனிட்டில் பதிந்த எழுத்தர் பின்பாதியை மட்டும் எழுதியிருக்கிறார். பிறந்த தேதிக்கு நேரே வெற்றிடம். டிரங்குப் பெட்டியிலிருந்து, ராணுவத்தை விட்டு வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துப் பார்த்தேன், அதிலும் அப்படியே. மடிப்பில் கிழிந்து, பழுப்பாகி, ஆனால் பிளாஸ்டிக் உறைக்குள் அத்தனை பத்திரமாக வைத்திருந்தார். வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் விலாசத்தைச் சரிபார்த்துக் கொடுத்தவர் வீட்டில் இப்படி ஒரு பிழை காத்திருந்தது. நாற்பது வருடமாக அவருக்குப் பென்ஷன் ஒழுங்காக வந்ததால் அது தென்படவே வாய்ப்பில்லை. இந்தப் பிழை பென்ஷனர் உயிரோடு இருக்கும்வரை யாரையும் உறுத்தாது.

அவர் இருக்கும்போதே திருத்துவதற்கும் பிறகு திருத்துவதற்கும் வித்தியாசம் பெரியது. இருக்கும்போது என்றால் பென்ஷனர் தானே விண்ணப்பம் எழுதி, இவர்தான் என் மனைவி, பெயர் இது, பிறந்த தேதி இது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். போனபிறகு, நான்தான் அவர் மனைவி என்று மனைவியே நிரூபிக்க வேண்டும். ஐம்பது வருடம் கூட வாழ்ந்த அம்மாவை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி, இரண்டு பெயரும் என்னையே குறிக்கும் என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வைத்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அம்மா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "உங்கப்பா எழுதின லெட்டர்லாம் என் முழுப் பேருக்குத்தான் வரும்" என்று மட்டும் சொன்னார்.

இந்தத் திருத்தம் எங்கே ஆகும் என்று புரிந்துகொள்ளவே எனக்கு ரொம்ப நாள் ஆனது. வங்கியில் ஆகாது. ஸ்பர்ஷ் பக்கத்தில் நாமே தட்டியும் ஆகாது. படைவீரர் எந்தப் பிரிவில் இருந்தாரோ அந்தப் பிரிவின் பதிவு அலுவலகம், அதாவது ரெக்கார்ட் ஆபீஸ், பார்ட் டூ ஆர்டர் என்று ஒன்று வெளியிட வேண்டும். அதன் அடிப்படையில்தான் பி.பி.ஓ-வில் திருத்தம் வரும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், தகவல்தொடர்பைப் பார்க்கும் சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், வண்டி, இயந்திரப் பழுது பார்க்கும் ஈ.எம்.இ-க்கு செகந்திராபாத் என்று பிரிவுக்குப் பிரிவு ஊர் வேறு. நேரில் போக வேண்டியதில்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். எந்தப் படிவம், யாருடைய கையொப்பம், எத்தனை நகல் என்று சொல்லி அவர்களே சரிபார்த்து அனுப்புவார்கள், பைசா செலவில்லை. இது தெரிவதற்குள் ஓர் அலுவலக வாசலில் பிடித்த ஏஜென்ட் ஒருவர், "ஒரு மாசத்துல ஆர்டர் கையில குடுக்கறேன்" என்று 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். மூன்றாவது வாரத்திலிருந்து போன் எடுக்கவில்லை. அவரிடம் கொடுத்த அசல் காகிதங்களைத் திரும்ப வாங்கத்தான் அதிகம் பாடுபட்டேன். பத்திரம், நோட்டரி, பயணம், ஜெராக்ஸ், சம்பளம் பிடித்த விடுப்பு எல்லாம் சேர்த்தால் மருத்துவமனைச் செலவு தவிர முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போயிருக்கும். பணத்தைவிட, எங்கே போனால் வேலை நடக்கும் என்று தெரியாமல் கழிந்த நாட்கள்தான் மனதை உடைத்தன.

சின்ன விஷயம்போலத் தெரியும் ஒன்று, செல்போன். ஸ்பர்ஷில் அப்பாவின் எண்தான் பதிவாகியிருந்தது, ஓ.டி.பி எல்லாம் அதற்குத்தான் வரும். அவர் போனபின் அந்த எண்ணுக்கு யார் ரீசார்ஜ் செய்வார்கள்? இறந்தவரின் போனை அணைத்து அலமாரியில் வைத்துவிடுவதுதான் எல்லா வீட்டிலும் வழக்கம். நான் படங்களுக்காக அதைத் திறந்து திறந்து பார்த்து, ரீசார்ஜும் செய்துகொண்டிருந்ததால்தான் எண் செத்துப்போகாமல் இருந்தது. எல்லா வேலையும் முடியும்வரை அந்த சிம்மை உயிரோடு வைத்திருங்கள். அதேபோல அம்மாவின் ஆதாரில் செல்போன் எண்ணே இணைக்கப்படவில்லை. அது இல்லாமல் அவர் பெயரில் எந்த இணைய வேலையும் நகராது. வீட்டுக்கு வரும் தபால்காரரே அதைச் செய்து கொடுத்தார், அப்போது கட்டணம் 50 ரூபாய்.

செப்டம்பரில் பார்ட் டூ ஆர்டர் ஆனது, அக்டோபரில் குடும்ப ஓய்வூதியம் வந்தது, அப்பா இறந்த மறுநாளிலிருந்து கணக்கிட்டு நிலுவையும் சேர்ந்து வந்தது. ஆகவே தாமதத்தால் அந்தத் தொகை போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம், சேர்த்துக் கொடுப்பார்கள். ஆனால் அந்த எட்டு மாதம் சாப்பிட வேண்டுமே. எங்களுக்குத் தபால் பென்ஷன் இருந்தது. ராணுவ பென்ஷனை மட்டுமே நம்பியிருந்த வீடாக இருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். இடையில் ஒருமுறை சென்னை தேனாம்பேட்டையில் உள்ள பாதுகாப்புக் கணக்குக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போனேன். கோப்பு எங்கே நிற்கிறது என்று திரையில் பார்த்துச் சொன்னார்கள். அந்த ஒரு தகவலே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ராணுவப் பக்கம் ரக்ஷா பென்ஷன் அதாலத், தபால் பக்கம் பென்ஷன் அதாலத் என்று குறைதீர் முகாம்களும் நடக்கின்றன. தேதி வந்தால் விடாதீர்கள்.

உங்கள் அப்பாவோ தாத்தாவோ இன்னும் இருக்கிறார் என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து டிஸ்சார்ஜ் புக், இரண்டு பி.பி.ஓ, அம்மாவின் ஆதார் மூன்றையும் தரையில் விரித்து வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்பர்ஷில் உள்ளே போய் மனைவி பெயரும் பிறந்த தேதியும் சரியா என்று பாருங்கள். வாழ்நாள் நிலுவைக்கு, அதாவது பென்ஷனர் இறக்கும்போது அவருக்கு வராமல் நிற்கும் பென்ஷன் தொகைக்கு, நாமினி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பென்ஷன் வரும் கணக்கைக் கணவன் மனைவி கூட்டுக் கணக்காக, இருவரில் யார் இருந்தாலும் இயக்கலாம் என்ற வகையில் மாற்றச் சொல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசுவதாக அவர் நினைப்பாரோ என்ற தயக்கம் வரும். பட்டாளத்தில் இருந்தவர்கள் நாம் நினைப்பதுபோல இதற்கெல்லாம் சுருங்குகிறவர்கள் இல்லை. பேச்சோடு பேச்சாக அந்தப் பழைய புத்தகத்தைத் திறந்தால் யூனிட், வண்டி, பனி, சிநேகிதர்கள் என்று கதையும் வரும். எனக்கு அந்தக் கதைகள் பாதிதான் கிடைத்தன.

கடைசியாக, பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று வருடாவருடம் கொடுக்கும் வாழ்நாள் சான்று. இரண்டு பென்ஷன் என்றால் இரண்டு சான்று, ஒன்றைக் கொடுத்தால் மற்றதற்குப் போய்ச் சேராது. நவம்பரில் அப்பாவின் பீட்டை இப்போது பார்க்கும் தபால்காரரே கைரேகைக் கருவியோடு வீட்டுக்கு வந்தார். ஒரு சான்றுக்கு 70 ரூபாய். அம்மாவின் விரல்கள் தேய்ந்து போயிருந்ததால் ரேகை ஏறவில்லை. அப்படியானால் செல்போன் கேமராவில் முகத்தைக் காட்டிப் பதியும் வசதி இருக்கிறது. ஜன்னல் பக்கம் நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்தால் ஒரே தடவையில் எடுத்துக்கொள்ளும். ராணுவ பென்ஷனுக்குப் பதியும்போது வழங்கும் இடம் என்ற கட்டத்தில் வங்கியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, ஸ்பர்ஷ் என்று இருப்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்களுக்கு அந்தத் தம்பியே கவனித்துச் செய்தார். முடிந்ததும் வரும் பிரமாண் எண்ணை, அதாவது அந்தச் சான்றின் அடையாள எண்ணை, இரண்டு பி.பி.ஓ-வின் பின்பக்கத்திலும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.